குளிரும் இல்லறமும்

மலேசிய நாட்டிற்குப் பனிக்காலம் என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறிமாறி வந்து போவதே இந்நாட்டின் இயல்பு. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பகலில் வெப்பம் 32, 33 பாகை செல்சியஸ் வரை ஏறுவதும், இரவில் 24 பாகையளவில் இறங்கி நிற்பதும் நாம் என்றும் கண்டு வருவன. எனினும், மார்கழி தை மாதங்களில் சில நாட்கள் இவ்வழக்கத்திற்கு மாறாக வந்து சேர்கின்றன. கதிரவன் முகங்காட்டுவதில்லை. வானம் சாம்பல் நிறமாய்க் கவிழ்ந்து கிடக்கிறது. காலையில் தொடங்கிய தூறல் மாலையிலும் ஓய்வதில்லை. 2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அத்தகைய நாட்கள் தொடர்ந்து வந்தன. தீபகற்பத்தின் பல இடங்களில் வெப்பநிலை 22 பாகையை ஒட்டி இறங்கிற்று.

இதன் காரணம் நெடுந்தொலைவில் உளது. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், சைபீரியப் பெருவெளியில் திரண்ட கடுங்குளிர்க் காற்று சீன நாட்டைக் கடந்து தென்சீனக் கடலின்மேல் பாய்கிறது. வரும் வழியில் கடலின் வெம்மையால் அதன் கடுமை தணிகிறது. ஆனால் ஈரத்தை வாரிக்கொள்கிறது. அந்த ஈரமே முகிலாகி, கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கீழைக்கரை மாநிலங்களில் பெருமழையாகக் கொட்டுகிறது. நடுவே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் கிள்ளான் பள்ளத்தாக்கைப் பெரும்பாலும் காத்து நிற்கிறது. காற்று வலுத்த நாட்களிலோ முகிற்கூட்டம் மலையைத் தாண்டி மேற்கேயும் பரவிக் கதிரவனை மறைத்துவிடுகிறது. வெயில் ஏறாத அந்தப் பகலே நமக்குக் குளிர்காலம்.

22 பாகை என்பது இலண்டனில் வாழ்வார்க்குக் கோடைக்காலத்தின் இனிய நாள். நமக்கோ அது கம்பளி தேடும் நாள். பசிபிக் மாகடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளிலும் இதுவே கதை. ஹொனலூலு நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பம் 19 பாகையளவிற்கு இறங்கும். கடற்கரை ஊர்களின் வீடுகளில் கணப்பு வைக்கும் வழக்கம் இல்லாமையால், அத்தீவினரும் நம்மைப் போலவே போர்வையைத் தேடுகின்றனர். ஆகவே, குளிர் என்பது பெரும்பாலும் உடலின் பழக்கத்தைப் பொறுத்தது என்க. நாட்டுக்கு நாடு குளிர் வேறுபடுதலை எவரும் எளிதில் ஒப்புவர். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒரே கூரையின்கீழும் அது வேறுபடுகிறது என்பதை நினைப்பவர் சிலரே. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குளிர் நாளில் நகரத்து வீடுகளில் எழும் மகிழ்ச்சியை நாம் எல்லோரும் அறிவோம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் இரவும் பகலும் சுழன்ற காற்றாடி ஓய்ந்து நிற்கிறது. பெட்டியின் அடியில் கிடந்த கம்பளி வெளியே வருகிறது. விடுமுறை நாளாயின் பிள்ளைகள் எட்டு மணி வரை சுருண்டு உறங்குகின்றனர். வீட்டுத் தலைவர் கட்டிலில் இருந்தபடியே சுக்குக் காப்பி கேட்கிறார். மாலையானால் சுடச்சுட வடை வேண்டும் என்ற குரல் கூடத்திலிருந்து எழுகிறது. 'என்ன சுகமான நாள்!' என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். இதில் குற்றம் யாது? குற்றம் ஒன்றும் இல்லை. உடம்பை வருத்துவதே புண்ணியம் என்னும் கொள்கை நமக்கு உடன்பாடன்று. வெயிலில் வாடியவன் குளிர்ச்சியை விரும்புதல் இயற்கை. இயற்கையான இன்பத்தை இகழ்வது அறிவுடைமை ஆகாது.

ஆனால், 'சுகமான நாள்' என்று சொல்லும்போது, அது யாருக்குச் சுகமான நாள் என்ற கேள்வி ஒன்று உடன் எழ வேண்டும். சுக்குக் காப்பி தானே வந்து கட்டிலருகில் நிற்பதில்லை. குளிர்ந்த தரையில் யாரோ ஒருவர் கால் வைத்து நடந்து, குளிர்ந்த நீரில் யாரோ ஒருவர் கை நனைத்து, அடுப்பை மூட்டிய பின்னரே அது வருகிறது. ஒருவர் போர்வைக்குள் கிடக்கும் இன்பம், இன்னொருவர் போர்வையை விட்டு எழுந்ததன் பயன். பிறர் வருத்தத்தால் விளைந்த இன்பத்தை, அவ்வருத்தத்தை அறியாமலே துய்த்தல் நேர்மையாகுமா? இதுவே நம் முன் நிற்கும் வினா.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. அவற்றுள் மூன்று குளிரின்பாற்பட்டவை. அப்பெயர்கள் இந்நாட்டின் வானத்திற்குப் பொருந்தா. ஆயினும் அப்பெயர்களோடு வந்த இலக்கியம் நமக்குப் பொருந்தும். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, நக்கீரர் 188 அடிகளில் யாத்த குளிர்காலப் பாட்டு. அரசியின் பள்ளியறையைச் சிறப்பிக்கும் பாட்டு என்றே பலர் அதனைக் கருதுகின்றனர். ஆனால் புலவரின் கண் முதலிற் சென்றது அரண்மனைக்கு அன்று. வெள்ளம் சூழ்ந்தமையால் மேட்டு நிலம் தேடிச் சென்று, நெருப்பில் கை காய்ச்சியும் பல் நடுங்க நிற்கும் ஆயரை அவர் முதலிற் கண்டார். குளிர் மிகுதியால் விலங்கும் பறவையும் படும் துன்பத்தைக் கண்டார். அதன் பின்னரே நகரத்தார் விசிறிகள் சிலந்தி நூல் படிந்து தொங்குவதையும், அவர்கள் தண்ணீரை விட்டுக் கணப்பை நாடுவதையும் கூறினார். பாட்டின் இறுதியில், நள்ளிரவுத் தூறலில் உறங்காமல் புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றி வரும் அரசனைக் காட்டினார். ஒரே வாடைக்காற்று, அது ஒவ்வொருவர் மேலும் எவ்வாறு வீசிற்று என்று பார்த்த பார்வை நக்கீரருடையது. பிரிக்பீல்ட்ஸில் காற்றாடி ஓய்ந்ததைக் கண்டு மகிழும் நாம், அப்பார்வையின் மற்றைப் பாதியை மறந்துவிட்டோம்.

குளிரைப் பற்றிய வேறொரு பழங்கதையும் உண்டு. அதனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். வள்ளல் பேகன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். அதனால் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் புகழ்பெற்றான். மேடைதோறும் இந்த ஈகை பேசப்படுகிறது. ஆனால் அதே பேகனைப் பற்றிப் புறநானூறு கூறும் மற்றொரு செய்தியை மேடைகள் பேசுவதில்லை. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் தங்கினான். சிலப்பதிகாரக் கண்ணகி வேறு, இவள் வேறு. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று இவளுக்காக மன்றாடினர். பொன்னும் பொருளும் வேண்டா, அழுதுகொண்டிருக்கும் நின் மனையாளின் துயரைத் தீர்ப்பதே எமக்குப் பரிசில் என்ற கருத்துப்பட அப்புலவர்கள் பாடினர். மயிலுக்குப் போர்வை கொடுத்ததைப் பரணர் அப்பாட்டிலேயே எடுத்துச் சொல்லி, மனைவிக்கு அருள் செய்யுமாறு கேட்டார். அந்தப் புலவரின் துணிவைப் போற்றாதிருக்க நம்மால் இயலவில்லை. மலையில் நின்ற மயிலின் நடுக்கம் கண்ணுக்குத் தெரிந்தவனுக்குத் தன் மனையின் நடுக்கம் தெரியவில்லை! கொடை சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டிற்கு வெளியே கொடுக்கும் கொடைக்குப் புகழ் உண்டு. வீட்டிற்குள் செய்ய வேண்டிய நீதிக்குப் புகழ் இல்லை. புகழ் இல்லாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடக்கிறான் என்பதே அவனுடைய அறத்தின் அளவுகோல்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். குளிர் நாளில் முதலில் எழுபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் இவ்வினாவிற்கு ஒரே விடைதான் உண்டு. அவ்வீட்டின் பெண். விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் எழுகிறாள். சில்லென்ற குழாய் நீரில் முந்திய இரவின் பாத்திரங்களைத் துலக்குகிறாள். மூட்டுவலியால் துன்புறும் மாமியார்க்கும் மாமனார்க்கும் வெந்நீர் வைக்கிறாள். முதுமையில் உடம்பு தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றலை இழப்பதால், இளையோர்க்கு இனிக்கும் குளிர் முதியோர்க்குத் துன்பமாகிறது என்பதை அவள் எந்த நூலும் படியாமலே அறிவாள். பிள்ளைகளின் சளியைத் துடைக்கிறாள். பசியாறுவதற்கு ஆக்குகிறாள். துணி துவைத்தால் காய்வதில்லை. மூன்று நாளைய துணி கூடத்தில் கட்டிய கொடியில் ஈரம் மாறாமல் தொங்க, நாளைய பள்ளிச் சீருடைக்கு என்ன செய்வது என்ற கவலையும் அவளுக்கே. இதன் பின்னர் அவளும் அலுவலகத்திற்கோ தொழிற்சாலைக்கோ புறப்பட வேண்டும். வெயில் நாளைக் காட்டிலும் குளிர் நாளில் வீட்டு வேலை மிகுதி. பிறர்க்கு ஓய்வு கூடுமளவிற்கு அவளுக்கு உழைப்பு கூடுகிறது.

இது புதிதாய் வந்ததன்று. பிரிக்பீல்ட்ஸ் ஊர் செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வேயால் வளர்ந்தது. இரயில்வே ஊழியர்க்காக 1905ஆம் ஆண்டளவில் அங்கே 'நூறு குவார்ட்டர்ஸ்' என்னும் குடியிருப்பு எழுந்தது. இன்று அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. அவ்வூரின் வரலாற்றில் சூளையும் உண்டு, இருப்புப்பாதையும் உண்டு, கட்டடங்களின் ஆண்டுகளும் உண்டு. விடியல் முறை வேலைக்குப் புறப்படுவோர்க்கு ஒரு மணி நேரம் முன்னே எழுந்து அடுப்பு மூட்டியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஊதியப் பட்டியலில் ஏறாத உழைப்பு வரலாற்றிலும் ஏறுவதில்லை போலும்!

இந்த ஏற்பாட்டிற்கு நம் சமூகம் பெரிய பெயர்கள் சூட்டி வைத்திருக்கிறது. பெண்ணின் குணம் என்கிறது. குலமகளின் இலக்கணம் என்கிறது. மார்கழி வைகறையில் குளிர்ந்த நீரில் தலை முழுகி, ஈர வாசலில் கோலமிடுதல் அவளுக்குப் புண்ணியம் என்கிறது. அப்புண்ணியத்தில் பங்கு கேட்டு ஆண் எழுந்து வருவதை நாம் பெரும்பாலும் காண்பதில்லை. தனக்கு வேண்டாத வேலையைப் பிறர்க்குப் புண்ணியம் என்று பெயரிட்டுக் கொடுத்தல் உலகில் பழைய தந்திரம். பிறவியால் தாழ்ந்தோர் என்று சிலரை ஒதுக்கி, அவர்தம் இழிதொழிலையே அவர்க்குத் தருமம் என்று கற்பித்தவர்களும் இதனையே செய்தனர். சாதியின் பெயரால் நடந்தபோது அதனை அநீதி என்று கண்டுகொண்ட சீர்திருத்தக்காரர், தம் சமையலறையில் நடக்கும்போது காணாமல் இருத்தல் தகுமா?

1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்தார். அவர் வருகைக்குப் பின் இங்கும் சீர்திருத்தச் சங்கங்கள் வலுப்பெற்றன. அக்காலத்து இலட்சியங்களுட் சில பின்னாளில் சட்டமாயின. இந்நாட்டில் 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1982 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், முஸ்லிம் அல்லாதாரிடையே பலதார மணத்தை ஒழித்தது. அச்சட்டத்தின் 76ஆம் பிரிவு இன்னொன்றையும் செய்தது. மணவிலக்கின்போது சொத்தைப் பங்கிடுங்கால், வீட்டைப் பேணியும் குடும்பத்தைக் கவனித்தும் ஒருவர் ஆற்றிய பணியையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்றது. வீட்டு வேலையும் உழைப்பே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் எப்போது? குடும்பம் உடையும்போது. நீதிபதியின் முன் நிற்கும் நாளில் எண்ணிப் பார்க்கும் உழைப்பை, கூடி வாழும் நாளில் எண்ணிப் பார்க்கலாகாதா? விடியற்காலையில் யார் முதலில் எழுவது என்பதற்குச் சட்டசபையில் மசோதா கொண்டுவர இயலாது. அது அவரவர் மனச்சான்றின் முன் வர வேண்டிய மசோதா.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 'தாய் பிள்ளைக்கு வெந்நீர் வைப்பது அன்பினால். மனைவி கணவனுக்குக் காப்பி கொடுப்பது அன்பினால். அன்பைத் தராசில் நிறுத்தால் வீடு சந்தையாகிவிடாதா?' என்பர். இது எளிதாகத் தள்ளத்தக்க தடையன்று. கணக்குப் பார்க்காத அன்பே இல்லறத்தின் உயிர் என்பதை நாமும் நம்புகிறோம். ஆயினும், அன்பிற்கும் வழக்கத்திற்கும் வேற்றுமை உண்டு. செய்யாதிருக்க உரிமையுடைய ஒருவர் மனமுவந்து செய்வது அன்பு. செய்யாவிடில் பழிச்சொல் வரும் என்பதனால் நாள்தோறும் செய்வது வழக்கம். ஒருத்தி காய்ச்சலாய்க் கிடக்கும் நாளில், 'இன்னும் காப்பி வரவில்லையா?' என்ற குரல் அவ்வீட்டில் எழுமாயின், அங்கு நடந்துவந்தது எது என்பது அன்றே விளங்கிவிடும். மேலும், அன்பு இருதலைப்பட்டது. ஒரு கையிலிருந்தே என்றும் புறப்பட்டு மற்றொரு கைக்கே என்றும் போய்ச் சேரும் ஒன்றை அன்பு என்று கூறுவதினும் கப்பம் என்று கூறுதல் பொருந்தும்.

'ஆண் வெளியே உழைக்கிறான். அவனுக்கு வீட்டில் ஓய்வு வேண்டாவா?' என்பது இரண்டாவது தடை. வேண்டும். ஆனால் வெளியே உழைப்பவன் ஆண் மட்டுமல்லன். இதனைத் தோட்டத்துத் தமிழரினும் நன்கு அறிந்தவர் யார்?

பால்மரம் விடியலுக்கு முன்னரே மிகுதியாகப் பால் தருவது. பகலில் இலைகள் நீரை ஆவியாக்குவதால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சுருங்குகிறது. இரவின் குளிர்ச்சியில் அவ்வழுத்தம் மீண்டு நிற்கிறது. ஆகவே, உறக்கம் எந்நேரத்தில் மிக இனிக்குமோ அந்நேரத்திலேயே தொழிலாளியின் கத்தி பட்டையில் இருக்க வேண்டும். இருள் விலகும் முன் பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையில் நின்றனர். பெயர் கூப்பிடும்போது இருவரும் ஒரே நேரத்தில் நின்றனர். எழுந்ததோ ஒரே நேரத்தில் அன்று. லயத்து வீட்டில் அவள் அதற்கும் முன்னே எழுந்து, சோறாக்கி, உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஆயாக் கொட்டகையில் விட்டு வந்தாள். மரத்தில் இருவருக்கும் ஒரே வேலை. வீட்டில் ஒருவருக்கே வேலை.

நகரத்தார் அறியாத இன்னொன்றும் உண்டு. மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் சேராமல் மரத்தில் வழிந்து வீணாகும். அன்றாடக் கூலியில் வாழ்ந்தவனுக்கு வெட்டில்லாத நாள் கூலியில்லாத நாள். கோலாலம்பூர்க் கூடத்தில் 'என்ன சுகமான தூறல்!' என்று ஒருவர் சொன்ன அதே காலையில், கிள்ளான் தோட்டத்து லயத்தின் வாசலில் நின்று ஒருத்தி வானத்தைப் பார்த்து, மளிகைக் கடைக் கணக்கை எண்ணிக் கலங்கினாள். தூறல் ஒன்றே, வீட்டுக்கு வீடு அதன் பொருள் வேறு.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் திரண்டு எழுந்ததை நாம் மறக்கலாகாது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் முன்னின்ற அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. நீண்ட வேலை நேரத்தை ஒழித்தல், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு நற்கல்வி, பெண்களுக்கு அதிகாரிகளால் நேரும் இழிவை நீக்குதல் என்பனவும் இருந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கொடுமையை ஒழித்தலும் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்க மறுத்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்த ஒருவன், தன் வீட்டில் மட்டும் கட்டிலை விட்டு இறங்க மறுப்பானாயின், தான் எதிர்த்த துரைத்தனத்தையே தன் கூரையின்கீழ் வைத்துக் காப்பவன் ஆகிறான். மானம் வேண்டுவோன் மானம் கொடுக்கவும் கடமைப்பட்டவன்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல பின்னர்ச் செம்பனைக்கும், அதன்பின் வீட்டுமனைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறின. லயத்தை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். துறைமுகத்தில் இரவு முறை பார்க்கின்றனர், வாயிற்காவல் நிற்கின்றனர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். மழைநாளில் நகரத்தார் வெளியே செல்ல விரும்பாமல் வீட்டிலிருந்தே சோறு வரவழைக்கின்றனர். நனைந்த சாலையில், நனைந்த உடம்போடு, சூடான உணவைச் சுமந்து வருபவன் தோட்டத்துப் பேரனாக இருக்கலாம். தாத்தாவுக்கு மழை கூலியைக் கெடுத்தது. பேரனுக்கு மழை கூலியைக் கொடுத்து உயிரைப் பணயம் கேட்கிறது.

இங்கே அறவுணர்ச்சியுடையார்க்கு ஒரு மயக்கம் நேரும். 'அவன் நனைகிறானே என்று இரங்கி நாம் உணவு வரவழைக்காமல் இருப்போமாயின், அவனுடைய அன்றைய வருவாய் அன்றோ போகும்?' என்று கேட்பர். உண்மை. வேலையை நிறுத்தும் இரக்கம் அவனுக்கு வேண்டா. அவன் வேண்டுவது நீதியான நிபந்தனை. விபத்து நேர்ந்தால் காப்பு வேண்டும். கடும் மழையில் ஓட்ட மறுத்தால் தண்டனை கூடாது. நனைந்து வந்ததற்கேற்ற ஊதியம் வேண்டும். 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சுயதொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வாடகைக்கார் ஓட்டுநரிடம் தொடங்கிப் பிறகு உணவு கொண்டுசெல்வோரையும் தழுவிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிக் தொழிலாளர் மசோதா நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. இவை நல்ல தொடக்கம். ஆனால் சட்டம் வாசல் வரையில்தான் வரும். வாசலில் நிற்பவனைக் காக்க வைக்காமல் கதவைத் திறப்பதும், துடைத்துக்கொள்ள ஒரு துண்டு நீட்டுவதும், ஒரு கோப்பைச் சூடான தேநீர் வேண்டுமா என்று கேட்பதும் வீட்டாரின் வேலை.

'இவ்வாறு ஒவ்வொரு இன்பத்தின் பின்னும் ஒரு துன்பத்தைத் தேடினால் மனிதன் எதைத்தான் அனுபவிப்பான்? ஊரார் துயரையெல்லாம் நினைத்துக்கொண்டு காப்பி குடித்தால் காப்பி கசக்காதா?' என்பது கடைசித் தடை. நாம் இன்பத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சியோடு குடித்த காப்பியால் எந்தத் தொழிலாளிக்கும் கூலி உயர்ந்ததில்லை. எந்தப் பெண்ணுக்கும் ஓய்வு கிடைத்ததில்லை. மனம் வருந்துதல் எளிது. முறை மாற்றுதலே கடினம். நாம் வேண்டுவது பின்னது. ஒருவர் வருந்த ஒன்பதின்மர் இன்புறுவதினும், பத்துப் பேரும் சிறிது சிறிது உழைத்துப் பத்துப் பேரும் இன்புறுவது மிகுந்த இன்பம் அன்றோ? கூட்டினால் ஒன்பதைவிடப் பத்து பெரிது. பங்கிடப்பட்ட குளிர் பெரிதும் வருத்துவதில்லை என்பது ஒரே கம்பளியில் உறங்கிய ஏழைக் குடும்பங்கள் அறிந்த உண்மை.

நம் ஜனங்களுக்கு இந்நற்பண்பு இல்லை என்று யாரும் சொல்லற்க. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையை இப்பத்திரிகையைப் படிப்போர் மறந்திரார். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் மூழ்கி, மக்கள் மேல்தளங்களிலும் கூரைகளிலும் ஈர உடையோடு இரவைக் கழித்தனர். அப்பெருவெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதிற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்களில் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் குருத்துவாராக்களிலும் அடுப்புகள் எரிந்தன. சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை. அதுவரை தன் வீட்டில் ஒரு குவளை கழுவாத ஆடவரும் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தனர், வெள்ளம் வடிந்தபின் பிறர் வீட்டுச் சேற்றை அள்ளினர். ஆகவே, ஆற்றல் இல்லாமை காரணமன்று. பேரிடர் வந்தால் நாம் விழித்துக்கொள்கிறோம். சிறு தூறலில் மீண்டும் உறங்கிவிடுகிறோம். வெள்ளம் பல்லாண்டிற்கு ஒருமுறை வருவது. சமையலறைக் குளிரோ ஒவ்வொரு விடியலிலும் வருவது. நெடுநாள் வாழும் அறம் பின்னதில்தான் பயில வேண்டும்.

ஆதலின், வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் பெரியதொன்றன்று. சங்கம் அமைக்க வேண்டா. தீர்மானம் நிறைவேற்ற வேண்டா. அடுத்த குளிர் நாளில் வீட்டின் ஆடவர் முதலில் எழுக. அடுப்பை மூட்டி, முதியோர்க்கு வெந்நீர் வைத்து, முதற் கோப்பைச் சுக்குக் காப்பியை என்றும் முதலில் எழுபவளின் கையில் கொடுக்க. அவள் போர்வைக்குள் இருந்தபடியே அதனை அருந்துக. மகனுக்கும் மகளுக்கும் அதே காலையில் பாத்திரமும் துடைப்பமும் ஒன்றுபோல் பங்கிடப்படுக. மறுநாளும் அவ்வாறே நிகழ்க. ஏனெனில் ஒருநாட் செய்வது விருந்து, பலநாட் செய்வதே நீதி. மழையால் கூலி இழப்பவரை வேலைக்கு வைத்திருப்போர் அந்நாட் கூலியைக் குறைக்காதிருக்க. மழையில் நமக்காக நனைந்து வருபவரை மனிதராக வரவேற்க.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையை நம் பிள்ளைகளுக்கு இனியும் சொல்வோம். அத்துடன், கண்ணகிக்காக நான்கு புலவர்கள் அவன் வாசலில் நின்ற கதையையும் சேர்த்துச் சொல்வோம். முன்னதைக் கேட்டுப் பிள்ளைகள் வள்ளன்மை கற்பர். பின்னதைக் கேட்டால், அவ்வள்ளன்மை முதலில் எந்த வீட்டில் தொடங்க வேண்டும் என்பதையும் கற்பர்.